தீவுக்கு எதற்கு ஊர்ச்செய்தி?

"அண்ணி, உங்க வீட்டு ஹால்ல இருக்கிற சோபா எவ்வளவு நீளம்?"

அலுவலக நாற்காலியில் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் நாத்தனாரின் போன்.

"எதுக்குக் கேக்கிற?"

"கால் நீட்டிப் படுத்தா வெளியில தொங்குமான்னு தெரிஞ்சுக்கணும். சனிக்கிழமை எங்க கவுன்ட்டருக்குப் பூட்டுப் போட வர்றாராம் உங்க மேலாளர். என்னைக் கரைக்கு மாத்திட்டா நான் எங்க போவேன்? எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் வரணும். சோபா என்னோடது. இப்பவே சொல்லிட்டேன்."

"எனக்கு மட்டுமா மேலாளர்? உனக்கும்தான்."

"நான் டிக்கெட் குடுக்கிறவ. மெஷினைத் தூங்க வைக்கிறது நீங்க. அதனால அவர் உங்களுக்குத்தான் நெருங்கின சொந்தம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். 

அண்ணிக்கு அலுவலகத்தில் வலைக்காரி என்று பெயர். மீன் வலை அல்ல, கணினி வலை. படகுப் போக்குவரத்து நடத்தும் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம், படகுத்துறைகள், கிடங்குகள், பழுது பார்க்கும் பட்டறை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேச வைப்பது அவள் வேலை. கரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் பேசின. தீவுதான் மக்கர் பண்ணியது. படகு தூரத்தில் தெரியும், ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள், சொல்லி வைத்தாற்போல டிக்கெட் மெஷின் அப்படியே உறைந்துபோகும். படகு காத்திருக்காது. ஏற முடியாதவர்கள் சும்மா இருப்பார்களா? மேலாளரின் மேஜையில் புகார்கள் குவிந்தன. டிக்கெட்டைக் கரையிலேயே போகவர வாங்கிக்கொள்ளட்டும், தீவில் கவுன்ட்டரே வேண்டாம் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கடைசியாக ஒரு முறை நேரில் பார்ப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார்.

நாத்தனாரின் கணவர் தீவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடையை ஒட்டி வீடு, வீட்டுப் பின்னால் அவளே வைத்து வளர்த்த எலுமிச்சை மரம். கவுன்ட்டர் மூடினால் அவள் ஒரு கரை, அவர் ஒரு கரை. அதை அவள் வாயால் சொல்லமாட்டாள். சோபாவின் நீளத்தைத்தான் கேட்பாள்.

சனிக்கிழமை காலைப் படகில் வலைக்காரி கிளம்பினாள். மேலாளர் மதியப் படகில் வருகிறார். நடுவில் கிடைக்கும் நேரம்தான் அவளுக்கு.

கடலுக்குள் கம்பி போட்டிருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. தீவுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே இருந்தது ஆன்டெனா வழியாகப் போகும் ஒரு ஒல்லி இணைப்பு. கரையில் உள்ளவை அகலச் சாலை என்றால் இது ஒற்றையடிப் பாதை. ஆனாலும் டிக்கெட் கொடுக்க அது தாராளமாகப் போதும். பின் ஏன் அடைக்கிறது? ஆன்டெனாவை மாற்றினாள். கம்பியை மாற்றினாள். கடற்பறவைகள் உட்காருவதால்தான் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஆன்டெனா மேல் பறவை விரட்டுகிற முள்கூட வைத்தாள். பறவைகள் முள்ளுக்கு நடுவே பத்திரமாகக் கூடு கட்டிக்கொண்டன. நாத்தனார் போன் செய்து, இவள் அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் லைன் சமர்த்தாக இருக்கும். டாக்டரைப் பார்த்ததும் வலி போய்விடுகிற நோயாளி மாதிரி.

படகில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. "மேம்பாலத்தில் கடும் நெரிசல். சந்தைத் தெருவில் லாரி பழுதாகி நிற்கிறது. வாகன ஓட்டிகள் மாற்றுப் பாதையில்..."

"கொஞ்சம் குறைங்களேன்" என்றாள் படகோட்டியிடம்.

"சத்தத்தைக் குறைக்கிற திருகு கழண்டு தண்ணியில விழுந்துடுச்சு. வெச்சா இவ்வளவு சத்தம், இல்லைன்னா மௌனம். எது வேணும்?"

"எந்தத் தெருவுல லாரி நின்னா நமக்கு என்ன?"

"எனக்கும்தான் என்ன? ஆனா கேட்டுக் கேட்டு, இப்போ அந்த லாரி நகருமான்னு மனசு அடிச்சுக்குது" என்றார் அவர்.

படகு வழியில் கரையோரமாகவே இருந்த வடதுறையைத் தொட்டது. கூடைகளும் சைக்கிள்களும் ஏறின. வடதுறைப் பொறுப்பாளர், தொப்பை முன்னே வர, பச்சைக் கொடி அசைத்து வழியனுப்பிவிட்டுத் தன் அறைக்குள் போனார். படகு தீவை நோக்கித் திரும்பியது.

தீவுக் கவுன்ட்டர் ஒரு தீப்பெட்டி அறை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு உயரமான ஸ்டூல், டிக்கெட் மெஷின், ஒரு மேஜை மின்விசிறி. பீரோவுக்கு மேல் விளக்குகள் சிமிட்டும் ரூட்டர் பெட்டி. நாத்தனார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி, நல்ல நேரத்துலதான் வந்தீங்க. பாருங்க, உங்க செல்லப்பிள்ளை மூச்சை நிறுத்திடுச்சு."

மெஷினின் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் முதலில் நின்ற முட்டைக்காரர் தன் கூடையைக் கீழே வைத்தார். "நான் போறதுக்குள்ள இதெல்லாம் குஞ்சு பொரிச்சிடும்மா."

வலைக்காரி லேப்டாப்பைத் திறந்து ரூட்டரோடு இணைத்தாள். முதன்முறையாக நோய் நோயாகவே இருக்கும்போது டாக்டர் வந்திருக்கிறார். ஒல்லிப் பாதையில் யார் யார் போகிறார்கள் என்று திரையில் ஓடவிட்டாள். பார்த்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன அண்ணி, முகம் இப்படிப் போகுது?"

"லைன் பூரா நிறைஞ்சு வழியுது. ஆனா உன்னோட டிக்கெட் அதுல ஒரு துளிதான்."

"மீதி யாரு?"

"ரூட்டருங்களோட வம்பு."

ரூட்டர் என்பது வழி சொல்கிற பெட்டி. எந்தத் தகவல் எந்த வழியாகப் போகவேண்டும் என்று அதுதான் கைகாட்டும். அதற்குத் தனக்கு வழி தெரிந்திருக்க வேண்டுமே? அதனால் பெட்டிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். 'கிடங்குக்கு என் வழியாகப் போகலாம்.' 'பட்டறைக்கு இந்த வழி அடைபட்டது, அந்த வழியாகப் போ.' சொன்னது காதில் விழுந்தது என்று பதில் வராவிட்டால் திரும்பச் சொல்லும். இப்போது நடந்துகொண்டிருந்தது அதுதான். கரையில் உள்ள அத்தனை மூலைமுடுக்குகளின் வழிகளும் மாறிவிட்டன என்று தலைமை அலுவலகத்துப் பெட்டி மூச்சு விடாமல் தீவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பாதையோ ஒற்றையடி. சொன்னதில் பாதி வந்து சேரவில்லை. கேட்டதா, கேட்டதா என்று மறுபடி மறுபடி சொன்னது. இந்தக் கூச்சலுக்கு நடுவே முட்டைக்காரரின் டிக்கெட் மூச்சுத்திணறி நின்றது.

"நம்ம பெரிய மாமி போன் பண்ணின மாதிரியா?" என்றாள் நாத்தனார். "கல்யாணம், காதுகுத்து, யார் வீட்டுல யார் கோவிச்சுக்கிட்டாங்க, எல்லாம் முடிஞ்சாதான் 'சரி, நீ எதுக்கு போன் பண்ணினே'ன்னு கேப்பாங்களே."

"அதேதான். ஆனா எல்லா வழியும் ஒரே நேரத்துல ஏன் மாறணும்?"

செய்தியின் வேரைத் தேடிப் போனாள். எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிந்தன. வடதுறை. கரையிலுள்ள பாதிக் கட்டடங்களின் இணைப்பு அங்கே இருக்கும் பெட்டி வழியாகத்தான் போகிறது. அந்தப் பெட்டி செத்துப்போனால் கரையில் உள்ளவை நொடியில் மாற்று வழிக்குத் தாவிவிடும். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. தாவிய கதை மட்டும் தீவு வரைக்கும் வந்து மென்னியைப் பிடிக்கும்.

வடதுறைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்க ரூம்ல இருக்கிற நெட்வொர்க் பெட்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையேம்மா. நல்லா இருக்கு. தூங்குது."

"தூங்குதா?"

"படகு கிளம்பிடுச்சுல்ல? அடுத்த படகு வர்ற வரைக்கும் அணைச்சு வெச்சிடுவேன். தொட்டுப் பாத்தா நெருப்பா சுடுதும்மா. பாவம், அதுவும் எவ்வளவுதான் உழைக்கும்?" குரலில் பெருமை வழிந்தது. "முன்னாடி இருந்தவன் இப்படியெல்லாம் பாத்துக்கிட்டதில்ல. நான் வந்ததுலேர்ந்துதான் அதுக்கு ஓய்வு."

வலைக்காரி போனின் வாயைப் பொத்திக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஸ்டூலிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

படகு வடதுறையை விட்டுக் கிளம்பும். அவர் பெட்டியைத் தூங்க வைப்பார். அந்தப் படகைத் தூரத்தில் பார்த்ததும் தீவில் வரிசை சேரும். அதே நேரம் வம்பு வந்து சேரும். கடலையும் காற்றையும் பறவைகளையும் அநியாயமாகப் பழி சொன்னதுதான் மிச்சம்.

"அண்ணே, அது சுடத்தான் செய்யும். அதுக்கு ஓய்வே வேண்டாம். இனிமே நீங்க அதைத் தொடவே கூடாது. சாமி சத்தியமா தொடக்கூடாது."

"அப்படியா?" அவருக்கு மனசே இல்லை. "சரிம்மா. எழுப்பிடறேன்."

எழுப்பினார். எழுந்த பெட்டி 'நான் வந்துட்டேன்' என்று ஊருக்கெல்லாம் சொல்ல, தீவு இன்னொரு முறை மூர்ச்சையானது. ஒருவழியாகக் கூச்சல் அடங்கியதும் மெஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி டிக்கெட்டைத் துப்பியது. முட்டைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அவ்வளவுதானே? சோபா தப்பிச்சுதா?" நாத்தனாரின் கண்கள் பளபளத்தன.

வலைக்காரி தலையாட்டவில்லை. "வடதுறை அண்ணன் அணைக்கிறதை இன்னிக்கு நிறுத்துவார். நாளைக்கு ஒரு ஆள் கால் தடுக்கி ஒயரை இழுப்பான். நாளன்னிக்கு பட்டறையில கரண்ட் போகும். கரையில எவன் தும்மினாலும் உனக்குத்தானே ஜலதோஷம் பிடிக்குது?"

ஜன்னலுக்கு வெளியே படகு கிளம்பிக்கொண்டிருந்தது. ரேடியோ இங்கே வரைக்கும் கேட்டது. மேம்பாலத்தில் நெரிசல் குறைந்துவிட்டதாம்.

அவள் அப்படியே நின்றாள். நடுக்கடலில் போகிறவனுக்கு மேம்பாலம் எதற்கு? தீவிலிருந்து வெளியே போக இருப்பது ஒரே வழி. டிக்கெட் விவரம் கிடங்குக்குப் போனாலும் சரி, பட்டறைக்குப் போனாலும் சரி, முதலில் தலைமை அலுவலகத்துக்குத்தான் போயாகவேண்டும். ஒரே வழி உள்ள பெட்டிக்கு 'எதுவானாலும் என்கிட்ட அனுப்பு, மீதியை நான் பாத்துக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதாதா?

போதும். ஆனால் அதைத் தலைமை அலுவலகத்திலிருந்துதான் செய்யவேண்டும். அங்கே இருந்தார் தண்டோரா.

தண்டோரா அவளுடைய மேலதிகாரி. மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாதவர். நிறுவனத்தின் வலை முழுக்க அவர் கட்டியது. அதற்கு ஒரே ஒரு சட்டம்: எல்லாப் பெட்டியும் ஒரே அச்சு. எல்லாப் பெட்டிக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தீவுப் பெட்டியிலும் கரைப் பெட்டிகளின் அச்சையே அப்படியே ஏற்றியிருந்தார்கள். உன் வாசலில் அகலச் சாலை ஓடுகிறது என்று அதற்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதுவும் பாவம், நம்பிக்கொண்டிருந்தது.

"முடியாது!" போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஒரு பெட்டிக்கு மட்டும் தனிச் சட்டமா? நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க!"

"பெட்டி எப்படி சார் கேக்கும்?"

"குதர்க்கம் பேசாதே! வழி தெரியாத ரூட்டர் ஒரு ரூட்டரா?"

"சார், உங்க பிளாட்டுக்கு எத்தனை வாசல்?"

"ஒண்ணுதான். ஏன்?"

"காலையில வீட்டை விட்டு வெளியில வர்றதுக்கு முன்னாடி, ஊர்ல எந்தெந்த ரோடு அடைச்சிருக்குன்னு கேட்டுட்டுத்தான் எந்த வாசல் வழியா வரலாம்னு முடிவு பண்ணுவீங்களா?"

தண்டோராவின் குரல் இறங்கியது அலுவலக வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அப்போ தீவு?" என்றார், கிட்டத்தட்ட மனிதக் குரலில்.

"ஒரே வாசல் சார். வெளியில வந்தா நீங்க நிக்கிறீங்க. எல்லாம் தெரிஞ்சவர் நீங்க. நீங்க வழி சொல்லுங்க."

எல்லாம் தெரிந்தவர் என்றது வேலை செய்தது. "தீவுக்கு மட்டும்தான். தீவு துண்டாகிப் போச்சுன்னா மேலாளர்கிட்ட நீதான் பேசணும்."

"பேசறேன் சார்."

துண்டாகக்கூடும் என்பது அவளுக்கும் தெரியும். அவர் அங்கே மற்ற செய்திகளை நிறுத்தி அந்த ஒரு வரியை அனுப்பவேண்டும். இவள் இங்கே அகலச் சாலை என்ற பொய்யை அழித்து, உள்ளபடி ஒற்றையடிப் பாதை என்று எழுதவேண்டும். எங்காவது ஒரு எழுத்து பிசகினால் தீவுக்கு வெளியுலகமே கிடையாது. அப்புறம் மேலாளர் பூட்டை எடுக்கத் தேவையில்லை, இவளே பூட்டியது மாதிரிதான்.

"ஒண்ணு... ரெண்டு... அடிச்சுட்டேன்!" என்று தண்டோரா முழங்கினார். இவளும் பொத்தானைத் தட்டினாள்.

பீரோ மேல் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்குகளில் ஒன்று அணைந்தது.

நாத்தனார் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி..."

"பேசாதே."

"அண்ணி, அது..."

"மூச்சுக்கூட விடாதே."

விளக்கு மறுபடி எரிந்தது. திரையில் கரையிலிருந்து வந்தது ஒரே ஒரு வரி. அப்புறம் அமைதி. லைனில் இப்போது டிக்கெட்டைத் தவிர வேறு ஈ, எறும்பு கிடையாது.

மதியப் படகில் மேலாளர் வந்து இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, முகத்தில் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட களை. கூடவே பெரிய கூட்டம் இறங்கியது. ஏற நின்ற கூட்டம் அதைவிடப் பெரிது. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள், வாடகை சைக்கிள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவர்கள். நாத்தனார் டிக்கெட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். மெஷின் கரகரவென்று பாடிக்கொண்டே இருந்தது.

மேலாளர் ஜன்னலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னிக்கு நல்லாத்தான் ஓடுது."

"என்னிக்கும் ஓடும் சார்" என்றாள் வலைக்காரி.

"இதையேதான் ஆன்டெனா மாத்தினப்பவும் சொன்னே. பறவைக்கு முள்ளு வெச்சப்பவும் சொன்னே. நான் வந்திருக்கேன்னு மெஷின் மரியாதையா நடந்துக்குது. நான் போனதும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வலைக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரின் கை மெஷினிலிருந்து நகரவில்லை, ஆனால் காது முழுக்க இங்கேதான் இருந்தது. வலைக்காரி போனை எடுத்தாள்.

"அண்ணே, உங்க பெட்டியை ஒரு தடவை அணைங்க."

"மாட்டேன்" என்றார் வடதுறைக்காரர்.

"அண்ணே!"

"காலையில நீதானேம்மா சாமி மேல சத்தியம் வாங்கினே? தொடக்கூடாதுன்னா தொடக்கூடாதுதான். எனக்கு வாக்குன்னா வாக்கு."

"நானேதான் இப்போ சொல்றேன்."

"நீ யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? குரலை மாத்திப் பேசி ஏமாத்தறவங்க நிறைய இருக்காங்க."

வலைக்காரி வேறு வழியில்லாமல் போனை மேலாளரிடம் நீட்டினாள். மேலாளர் தொண்டையைச் செருமினார். "நான் மேலாளர் பேசறேன். பெட்டியை அணைங்க."

"அதுக்கு ஓய்வு குடுக்கிறதாங்க சார்?"

மேலாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஆமாம். ஓய்வு குடுங்க."

"நானும் அதைத்தான் சார் சொன்னேன்!" டப் என்று சுவிட்ச் விழும் சத்தம் போனிலேயே கேட்டது.

கரையில் அமளி தொடங்கியது. தண்டோரா உடனே கூப்பிட்டார். அவர் பேசியது வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "வடதுறை போச்சு! கிடங்கு வழி மாறுது! பட்டறை வழி மாறுது! எல்லாமே மாறுது!"

"இங்க ஒண்ணும் மாறலை சார்" என்றாள் அவள்.

கர், கர். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை. கர். ஒரு பெரியவர், ஒரு சைக்கிள். நாத்தனார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மேலாளர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று அவர் காத்திருப்பது முகத்தில் தெரிந்தது. வரிசை பாதியானது. கால்வாசியானது. கடைசிச் சைக்கிள்காரரும் டிக்கெட்டோடு படகுக்கு ஓடினார்.

"சரி, எப்போ நடக்கும்?" என்றார் மேலாளர்.

"எது சார்?"

"ஏதோ அணைச்சா ஏதோ ஆகும்னு காட்டினியே. எப்போ ஆகும்?"

"அதான் சார் ஆகலை. முன்னாடியா இருந்தா அவர் அணைச்ச உடனே இந்த மெஷின் படுத்திருக்கும். பாதி ஜனம் படகு ஏற முடியாம இங்கேயே நின்னு என்னையும் உங்களையும் திட்டிக்கிட்டிருக்கும்."

மேலாளர் காலியான வரிசையைப் பார்த்தார். நிரம்பிய படகைப் பார்த்தார். ஒன்றுமே நடக்காததைப் பார்ப்பதற்காகவா இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தோம் என்ற ஏமாற்றம் கொஞ்சம். அதற்குப் பின்னாலேயே ஒரு சிரிப்பும் மெல்ல வந்தது.

"அப்போ இந்தக் கவுன்ட்டர்..." என்று இழுத்தார்.

"சார்" என்றாள் நாத்தனார் ஜன்னல் வழியாக, மிகவும் மரியாதையாக. "படகு கிளம்பப் போகுது. நீங்க இன்னும் டிக்கெட் வாங்கலை."

"நான் மேலாளரம்மா!"

"கவுன்ட்டர் இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் டிக்கெட் உண்டு சார். இருக்கும்தானே?"

அவர் ஜன்னலுக்கு எதிரே வந்து, எல்லாரையும் போல நேராக நின்றார்.

"இருக்கும். ஒரு பெரியவர்" என்றார்.

கர்ரென்று ஒலித்தது. மேலாளர் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் படகுக்குப் போனார்.

நாத்தனார் ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இறுக்கமாக, வெகுநேரம். அப்புறம் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்:

"போகட்டும் அண்ணி, அந்த சோபா எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கலை. இருந்து சாப்பிட்டுட்டு அடுத்த படகுல போங்க. டிக்கெட் நான் குடுப்பேன், ஆனா வரிசையிலதான் நிக்கணும்."